வெள்ளை டைல்ஸில் ஒரு சொட்டு

என் தம்பியிடம் சைக்கிள்கூடக் கிடையாது. ஆனாலும் குமுளி தாண்டி ஏலப்பாறையில் அவன் கட்டிய வீட்டில் கார் நிறுத்த ஒரு போர்ச் வைத்தான். அங்கே தேயிலை எஸ்டேட்டின் வரிசை வீடான லயத்திலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு முதல் சொந்த வீடு அது. புது வீடு குடிபோகிற பால் காய்ச்சுக்கு நாள் குறித்துவிட்டுப் போன் பண்ணினான்.

"போர்ச்சு உனக்குத்தான்க்கா. நீயும் மச்சானும் உங்க வண்டியக் கொண்டாந்து நிப்பாட்டணும். வெள்ள டைல்ஸ் போட்டிருக்கேன், பாத்துக்கோ."

"வந்துருவோம்டா" என்று நானும் வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். அந்த நேரத்தில் எங்கள் வண்டியின் என்ஜின் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தென்னந்தோப்பில், தேங்காய்க் கொட்டகையின் தரையில், சாக்கு மேல் துண்டு துண்டாகக் கிடந்தது.

வண்டி ஒரு பழைய வெள்ளை அம்பாசிடர். பொள்ளாச்சியில் பழைய இரும்பாக எடைக்குப் போக இருந்ததை என் வீட்டுக்காரர் வாங்கி வந்தார். அவர் தென்னை விவசாயி, ஆனால் மோட்டார், பம்ப்செட் என்று எதையாவது கழற்றாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. என் ஆசை வேறு. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் லயத்து ரோட்டில் வருகிற ஒரே கார் மேனேஜருடைய வெள்ளை அம்பாசிடர்தான். ஹார்ன் சத்தம் கேட்டால் எல்லோரும் தேயிலைச் செடிக்குள் ஒதுங்கி நிற்போம். அதே ரோட்டில் அதே மாதிரி வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்து போக வேண்டும் என்று எனக்கு இருந்தது. அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

என்ஜின் பிளாக்கை மட்டும் பொள்ளாச்சி லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கினோம். மற்றதெல்லாம் போனில் வீடியோ பார்த்து அவரே பூட்டினார். அவர் கையெல்லாம் கிரீஸ் என்பதால் வீடியோவை நிறுத்துவதும் ஓட்டுவதும் என் வேலை. டார்ச் பிடிப்பதும், ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதும், "அது இல்ல புள்ள, அதுக்குச் சின்னது" என்று திட்டு வாங்குவதும் கூடுதல் வேலை.

கடைசியாக என்ஜின் தலையில் மேல்மூடியை வைத்து முறுக்க வேண்டியதுதான் பாக்கி. மூடியின் விளிம்பில், ஆயில் கசியாமல் இருக்க, கார்க் பட்டையை ஒட்டி, பசை தடவி, பக்கத்து ஸ்டூலில் மல்லாத்தி வைத்திருந்தார்.

"புள்ள, மூடறதுக்கு முன்னால ஒரு சூடங் காட்டிரு" என்றார்.

நான் தட்டில் சூடமும் மஞ்சள் அரிசியும் கொண்டு வந்தேன். என்ஜின் மேல் அவர் துணி போட்டு மூடிக்கொண்டார், உள்ளே ஒன்றும் விழக்கூடாதாம். நான் சூடம் காட்டி, கண்ணை மூடி, எங்கள் குலசாமியை நினைத்து அரிசியைத் தூவினேன். அவரும் பக்தியாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, துணியை உதறிவிட்டு, மூடியை எடுத்துக் கவிழ்த்து முறுக்கிவிட்டார்.

வண்டி ஸ்டார்ட் ஆனதே, அடடா! கொட்டகைக் கூரையில் இருந்த புறாவெல்லாம் பறந்தது. அவர் என்னை ஏற்றிக்கொண்டு தோப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார். நாங்கள் இரண்டு பேரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம். தேங்காய் பொறுக்க வந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

மறுநாள் காலையில் வண்டிக்கு அடியில் தோசை அகலத்துக்கு ஆயில். என்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தின் அடியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவர் முகம் தொங்கிப்போனது.

"பின்னால ஆயில் சீல் போயிருச்சு புள்ள. என்ஜினத் திருப்பி எறக்கோணும்."

"எறக்குனா பால் காய்ச்சுக்குள்ள ஏத்திருவீங்களா?"

"அதெப்புடி முடியும்? பஸ்ஸுல போயிக்கலாம். இப்புடியே கொண்டு போயி உன்ற தம்பி டைல்ஸுல நிறுத்தச் சொல்றியா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பஸ்ஸில் போகவா இத்தனை நாள் டார்ச் பிடித்தேன்? அவரும் சீல் விற்ற கடைக்காரனில் ஆரம்பித்து வீடியோக்காரன் வரைக்கும் எல்லோரையும் வைதுகொண்டிருந்தார். நான் குனிந்து அடியில் பார்த்தேன். எங்கள் லயத்துத் தகரக் கூரை ஞாபகம் வந்தது. மழை ஒழுகினால் வாளி வைத்த இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருந்ததே இல்லை. தண்ணீர் மேலே எங்கோ புகுந்து, சட்டத்தைப் பிடித்துக்கொண்டே ஓடி, வேறு இடத்தில் வந்து சொட்டும்.

"ஏங்க, கீழ சொட்டுனா கீழதான் ஓட்டையா? மேல எங்கயாச்சும் இருந்து எறங்கி வருதோ என்னமோ."

"இது கூரையில்ல புள்ள, என்ஜினு."

"ரெண்டும் ஒழுகுதுல்ல?"

அவர் பழந்துணியைத் தேடி எடுத்தார். மண்ணெண்ணெய் போட்டு என்ஜினைப் பளபளவென்று துடைத்தோம். நன்றாகக் காய்ந்த பிறகு நான் என் பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து மேலிருந்து கீழ்வரை கொட்டினேன். ஆயில் எந்த வழியில் வந்தாலும் பவுடரை நனைத்துக் காட்டிக் கொடுத்துவிடும். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, "கல்யாணத்துக்குப் போற மாதிரி இருக்குது" என்றார்.

வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஓடவிட்டோம். அடியில் சீல் இருக்கிற பக்கம் பவுடர் உலர்ந்தே இருந்தது. என்ஜினின் முதுகுப் பக்கம், கண்ணுக்கு எட்டாத சந்து. முகம் பார்க்கிற கண்ணாடியை அங்கே நீட்டி டார்ச் அடித்தேன். மேல்மூடியின் பின்மூலையில் ஆரம்பித்து வகிடு எடுத்த மாதிரி ஒரு ஈரக்கோடு கீழே இறங்கியிருந்தது.

"மேல இருந்துதாங்க!" என்று கத்தினேன். அவர் கண்ணாடியைப் பிடுங்கிப் பார்த்தார். உடனே ஓடிப் போய் ஸ்பேனரை எடுத்து வந்தார்.

என்ஜின் ஆறியதும் மூடியைக் கழற்றி மல்லாத்தினார். கார்க் பட்டையின் பின்மூலையில், பசையில் ஒட்டி, ஆயிலில் ஊறிப் பழுப்பேறி, ஒரே ஒரு அரிசி. மஞ்சள் அரிசி. அது நின்ற இடத்தில் கார்க் படியவில்லை. அந்த இடுக்கு வழியாகத்தான் ஆயில் வெளியே வந்திருக்கிறது.

இரண்டு பேரும் அரிசியைப் பார்த்தோம்.

"யாரு போட்டது?" என்றார்.

"யாரு போடச் சொன்னது?" என்றேன்.

அவருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். புதுப் பட்டை வைத்து முறுக்கினோம். இந்தத் தடவை சாமியைத் தூரத்திலிருந்தே கும்பிட்டேன். வண்டிக்கு அடியில் விரித்த அட்டை, மறுநாள் காலையில் பார்த்தால், கடையிலிருந்து வந்த மாதிரியே சுத்தமாக இருந்தது.

பழனி, தேனி, கம்பம் என்று போனோம். குமுளி ஏற்றத்தில் ஒரு லாரியை முந்தியபோது அவர் விசிலடித்தார். ஏலப்பாறையில் லயத்து ரோட்டில் திரும்பியதும், "ஹார்ன் அடிங்க" என்றேன். அடித்தார். கொழுந்துக் கூடையோடு வந்த பெண்கள் ஒதுங்கினார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. வண்டியை நிறுத்தச் சொல்லி, ஏறின வரைக்கும் அவர்களையும் ஏற்றிக்கொண்டோம். கூடைகள் டிக்கியில். கடைசியில் முன்சீட்டில் நானும் இன்னும் இரண்டு பேரும் நெருக்கிக்கொண்டு, பாட்டும் சிரிப்புமாகத்தான் தம்பி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

போர்ச்சில் வண்டி நின்றதும் தம்பி மனைவி ஆரத்தித் தட்டோடு வந்தாள். தட்டின் ஓரத்தில் மஞ்சள் அரிசி. என் வீட்டுக்காரர் பதறிப்போய் பானெட் மேல் இரண்டு கையையும் விரித்தார்.

"அம்மிணி, தண்ணி சுத்துங்க, சூடங் காட்டுங்க. அரிசி மட்டும் வேண்டாமுங்க!"

அவள் திகைத்துப்போய், சுற்றிய ஆரத்தித் தண்ணீரை அப்படியே முன்சக்கரத்தடியில் ஊற்றிவிட்டாள். வெள்ளை டைல்ஸ் எல்லாம் சிவப்பாக ஓடியது. ஒரு சொட்டு ஆயில் விழக்கூடாது என்று அவ்வளவு பாடுபட்ட மனுஷன் தோள் துண்டை உருவிக்கொண்டு துடைக்கக் குனிந்தார். தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"விடுங்க மச்சான். வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் இது என்ன கறைன்னு கேக்கட்டும். எங்க அக்கா கார்ல வந்தான்னு சொல்லுவேன்ல."