பால்கோவா வாங்கிவந்த ஆண்கள்

என் கணவரிடம் நான் முதலில் கண்ட நோய்க்குறி பால்கோவாதான்.

எனக்குச் சர்க்கரை இருப்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று ராஜபாளையத்தில் இருக்கும் இந்த மனிதர் மாதம் தவறாமல் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினார். "கோயிலுக்குப் போறேன்" என்பார். திரும்பும்போது கையில் ஒரு டப்பா. ஏன் அடிக்கடி பாத்ரூம் போகிறீர்கள் என்று கேட்டால், "வயசாகுதுல்லா" என்பார்.

ஒருநாள் சிறுநீர் அடியோடு நின்றுபோனது. வலியில் துடித்தவரை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ட்யூப் போட்டுச் சிறுநீரை வடித்த பிறகு, டாக்டர் அவரை உற்றுப் பார்த்தார்.

"உங்களை வராண்டாவுல பாத்திருக்கேனே. டோக்கன் வாங்குவீங்க, கூப்பிடும்போது ஆளைக் காணோம்."

அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்திலேயே புராஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) பரிசோதனை முகாம் நடந்தது. வரிசையில் நின்றால் சொந்தக்காரர்கள் பார்த்துவிடுவார்களாம். அதனால் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயிருக்கிறார். அங்கே வராண்டாவில் பாதி ராஜபாளையம் உட்கார்ந்திருக்கிறது! ஒருவரை ஒருவர் பார்த்ததும், தெரிந்தவரைப் பார்க்க வந்ததாகச் சொல்லி எழுந்து, ஆளுக்கொரு டப்பா வாங்கிக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறார்கள்.

டாக்டர் ஆசனவாயில் விரல் விட்டுப் பார்ப்பார் என்பதுதான் பயம். எல்லையில் துப்பாக்கியோடு நின்றவருக்கு ஒரு விரலைக் கண்டு பயம். தலையில் அடித்துக்கொண்டேன். பிரசவ அறையில் எத்தனை பேர் முன்னால் கிடந்திருப்பேன், என் வெட்கத்தை யார் கேட்டார்கள்?

பி.எஸ்.ஏ. (அந்தச் சுரப்பி இரத்தத்தில் கலக்கும் புரதம்) எக்கச்சக்கமாக இருந்தது. திசுப் பரிசோதனையில் புற்றுநோய் உறுதியானது. இடுப்பெலும்பு வரை பரவியிருந்தது. "முழுசா குணமாக்க முடியாதும்மா, அடக்கி வைக்கலாம்" என்றார் டாக்டர். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

ஹார்மோன் ஊசி (ஆண்மைச் சுரப்பை அடக்கும் மருந்து) போட்டபின் உடம்பில் திடீர் திடீரென்று அனல் அடிக்கும். ஒருநாள் சட்டையைக் கழற்றிப்போட்டு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தவர் கேட்டார், "ஒனக்கும் மாசவிலக்கு நின்ன வயசுல இப்படித்தான் இருந்துச்சா?"

"இப்பத்தான் கேக்கத் தோணுச்சாக்கும்" என்றேன்.

அண்ணனுக்கு வந்தால் தம்பிக்கும் வர வாய்ப்பு அதிகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சேத்தூரில் இருக்கும் என் கொழுந்தனிடம் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன்.

"எனக்குத்தான் ஒண்ணும் செய்யலையே, மதினி."

"ஒண்ணும் செய்யாதப்பவே பாக்கத்தாம்லே அந்த டெஸ்டு!" என்று இவர் கத்தினார். கொழுந்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

பொங்கல், தீபாவளி என்று நாள் பார்த்த வீட்டில் இப்போது அடுத்த ஊசி எப்போது என்றுதான் பார்க்கிறோம்.

போன வாரம் கொழுந்தன் வந்தார். கையில் பால்கோவா டப்பா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்களும் வராண்டாவோட திரும்பிட்டீகளா?"

அவர் கையை நீட்டினார். முழங்கை மடிப்பில், ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"உள்ள போயிட்டேன் மதினி. ரத்தம், வெரல் ரெண்டும் பாத்தாச்சு."

ரிசல்ட் இன்னும் வரவில்லை. ஆனாலும் சர்க்கரையை மறந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டேன். இவர் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே தம்பி கையைப் பார்த்தார்.

"நேரத்தோட உள்ள போயிட்டாம்ட்டி" என்றார் என்னிடம்.