மல்லிகா எழுதாத தேர்வு

மல்லிகா என்றொரு மாணவி இல்லை. அவளாக எழுதியவன் நான்தான்! ஆசிரியனாகிய நானே!

உங்களிடம் மறைத்து இனி என்ன ஆகப்போகிறது? கும்மிடிப்பூண்டியில் ஒரு தொலைதூரக் கல்வி மையத்தில் பொருளியல் நடத்திவந்தேன். படித்தவர்கள் எல்லாரும் ஆலைத் தொழிலாளர்கள். ஷிப்டு மாறினால் ஞாயிறு வகுப்புக்கு வர முடியாது. அவர்களுக்காக இணையத்தில் ஒரு குழு தொடங்கினேன். பிரவுசிங் சென்டரில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும், பாடத்தைப் பற்றிப் பேசலாம்.

யார் பேசினார்கள்? குழு ஈயடித்தது. சாரிடம் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற கூச்சம்... ஆகவே, வகுப்புக்கு வர முடியாத திருநின்றவூர் மல்லிகாவைப் படைத்தேன். மண்டையில் எதுவும் ஏறாத, ஆனால் கேட்க வெட்கப்படாத பெண்!

ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டிய காலம் அது. "பாடம் புரியல" என்று எழுதப்போய், அவசரத்தில் ஓரெழுத்தை விட்டுவிட்டேன். பாடம் படமாயிற்று. "இன்னா படம் தங்கச்சி, எந்தத் தியேட்டர்ல?" என்று கேட்டான், இரும்புக் கம்பி ஆலையில் வேலை பார்த்த வேலு. அவ்வளவுதான்! ஆளாளுக்குக் கிண்டலடித்தார்கள். சிரித்து முடித்தவர்கள் அப்படியே பாடத்துக்கும் வந்தார்கள். எனக்கோ கால் தரையில் பாவவில்லை!

வேலு மல்லிகாவுக்கு வாத்தியாராகவே ஆகிவிட்டான். தேவை, அளிப்பு என்று நான் மூன்று வாரம் மென்றதை, பழவேற்காட்டு இறால் வரத்தை வைத்து நாலே வரியில் விளக்கினான். அவளுக்குச் சொல்ல வேண்டுமே என்று முன்கூட்டியே படித்தான். நான் வேண்டுமென்றே புரியாதவளாக இருந்தேன்... எத்தனை மகிழ்ச்சியான நாட்கள்!

தேர்வு முடிவு வந்தது. வேலு முதல் வகுப்பு! இனிப்புப் பெட்டியோடு வந்தவனின் முகம் மட்டும் வாடியிருந்தது. தேர்ச்சிப் பட்டியலில் மல்லிகாவைத் தேடியிருக்கிறான்; பெயர் இல்லை.

"நான் சொல்லிக் குடுத்ததுதான் சரியில்ல போல சார்."

அப்போதாவது சொல்லியிருக்கலாமே! வாய்வரை வந்தது. அவன் மனம் உடையும் என்று அஞ்சினேனா, என் மானம் போகும் என்று அஞ்சினேனா... இன்றும் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் குழுவில் எழுதியிருந்தான்: "பேஜாராவாத தங்கச்சி. மறுபடி மொதப் பாடத்துலேந்து ஆரம்பிக்கலாம். நீ பாஸ் பண்ற வரைக்கும் உடமாட்டேன்."

படித்ததும் சிரித்துவிட்டேன். கண்ணும் கலங்கியது... பிறகு, மல்லிகாவாக, "சரிண்ணா" என்று தட்டினேன்.