மலையில் ‘போகாதே’ சொன்ன காலம்

மலைப்பனியைத் தோண்டிப் பார்த்து, ‘இன்றைக்கு இந்தப் பக்கம் போகாதீர்கள்’ என்று சொல்வதற்காகச் சம்பளம் வாங்கியவன் நான். சொன்னால் யாரும் கேட்காத உத்தியோகம் பார்ப்பவர்களுக்கு இதன் சுகம் தெரியும். உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. கிழமை நாட்களில் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மலைகளில் ஒரு மரக்குடில். சனி ஞாயிறு மெல்பேர்ண் நகரின் ஓரத்து ஸ்பிரிங்வேலில் மனைவி யோகத்தோடு. யாழ்ப்பாணத்தில் நில அளவை படித்த நான், இங்கே வந்து அளந்தது நிலத்தை அல்ல, அதன் மேல் கிடந்த பனியை.

புட்டுப் பாடம்

எங்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிற கந்தையா அங்கிளுக்கு என் வேலையில் பலத்த சந்தேகம். “பனி விழுது, பிறகு உருகுது. இதுக்குள்ள உமக்கு என்ன தம்பி வேலை?” என்பார். பனி ஒரே கட்டியாகக் கிடப்பதில்லை, ஒவ்வொரு முறை விழுந்ததும் ஒவ்வொரு படையாகத்தான் கிடக்கும், இரண்டு படைகளுக்கு நடுவே பொலபொலவென்று ஒன்று இருந்தால் மேலே இருப்பது அப்படியே வழுக்கிக்கொண்டு வரும் என்று எத்தனையோ தரம் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

அன்றைக்கு யோகம் குழல்புட்டு அவித்திருந்தாள். குசினியிலிருந்து சுடச்சுட ஒன்றைத் தட்டைக் கோப்பையில் தள்ளிக்கொண்டு வந்து, “அங்கிள், மாவுக்கும் மாவுக்கும் நடுவில தேங்காய்ப்பூ இருக்கெல்லே? இப்ப பாருங்கோ” என்று கோப்பையை மெல்லச் சரித்தாள். தேங்காய்ப்பூ இருந்த இடத்தில் புட்டு வெட்டினதுபோல் பிரிந்து, மேல்துண்டு வழுக்கி அங்கிளின் வேட்டியில் விழுந்தது. அவர் கதிரையில் இருந்தபடியே அதை எடுத்து வாயில் போட்டு, யோசித்து மென்றார்.

“ஓம், இப்ப விளங்குது. மலையில நிண்டு புட்டுப் பதம் பாக்கிறதுக்கு உமக்குச் சம்பளம் தருகினம்.”

ஒன்றும் நடக்காத மூன்று நாள்

ஒரு முறை மழை பெய்து, பனியின் மேல்தோல் கண்ணாடிபோல் உறைந்து, அதன்மேல் முழங்கால் அளவு புதுப்பனி விழுந்தது. குடிலுக்குப் பின்னாலிருந்த சரிவில் குழி தோண்டினேன். மண்வெட்டியால் இரண்டு தட்டுத் தட்டியதும் மேல்படை முழுசாக வழுக்கி என் மடியில் வந்து இருந்தது. உடனே கயிறு கட்டி, எச்சரிக்கைப் பலகை போட்டு, சரிவை மூடினேன்.

மெல்பேர்ணிலிருந்து வந்த குழந்தை வைத்தியர் ஒருவர் நண்பர்களோடு அந்தச் சரிவைக் கடந்து போகத் திட்டம் போட்டிருந்தார். மூன்று நாளும் காலையில் வந்து கயிற்றடியில் நின்று என்னை முறைப்பார். நாலாம் நாள் வெயில் பிடித்து, பனி இறுகி, நானே கயிற்றை அவிழ்த்தேன். சரிவு அசையவேயில்லை. “என் விடுமுறை முழுக்கப் போனது. பார், ஒன்றும் நடக்கவில்லை” என்றார் வைத்தியர். கோபம் நியாயமானது. எனக்கு உள்ளுக்குள் கூச்சமாகவும் இருந்தது. ஆனாலும் கேட்டேன்: “நீங்கள் ஊசி போட்ட பிள்ளைக்கு அம்மை வராவிட்டால், தாய் வந்து ஊசி வீண் என்று சொல்வாளா?”

அவர் பனியில் சறுக்கிப் போகிற ஸ்கீக் கட்டைகளைக் காலில் மாட்டி முடித்தார். பிறகு கையுறையைக் கழற்றி என் கையைப் பிடித்தார்.

“சொல்வாள். எனக்கும் இன்றுவரை ஒருத்தியும் நன்றி சொன்னதில்லை.”

சிவப்புக் கயிறு

என்னோடு வேலை செய்த கெவின் மலையடிவாரத்து மாட்டுப்பண்ணையில் பிறந்தவன். நடக்கப் பழகிய வயதிலேயே ஸ்கீயில் ஏறியவன். நானோ விழுந்து விழுந்து எழும்புகிறவன். பனியில் போகும்போது இடுப்பில் நீளமான சிவப்புக் கயிறு ஒன்றைக் கட்டி, பின்னால் இழுபட விடவேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஆள் புதைந்தாலும் கயிற்றில் ஒரு முழமாவது மேலே தெரியும். கெவின் அதை ‘நாய் வால்’ என்று சொல்லிக் காற்சட்டைப் பைக்குள் சுருட்டி வைத்திருப்பான்.

இரண்டு நாள் மேற்குக் காற்று அடித்து ஓய்ந்த ஒரு காலை. காற்று வாரிக்கொண்டு வந்த பனியெல்லாம் கிழக்குப் பள்ளத்தின் மேல் விளிம்பில் குவிந்திருந்தது. பள்ளத்தின் அடியில் நின்ற எங்கள் பனி அளவுகோலைப் பார்க்கப் போனோம். “முகட்டால் சுற்றிப் போவோம்” என்றேன். “சின்ன வயதிலிருந்து இதில் இறங்குகிறேன், சிவா” என்று கெவின் இறங்கிவிட்டான். இன்னும் கடுமையாகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கண்ணை மட்டும் அவனைவிட்டு எடுக்காமல் நின்றேன். மூன்றாவது வளைவில் அவனுக்கு மேலே ஒரு கோடு ஓடியது. விரித்த பாயை யாரோ இழுத்ததுபோல் சரிவு முழுக்க நகர்ந்தது. பிறகு கெவின் இல்லை.

கடைசியாக அவனைக் கண்ட இடத்தை ஒரு பாறையை வைத்து மனதில் குறித்துக்கொண்டேன். மிச்சப் பனி அசைகிறதா என்று பார்த்துவிட்டு இறங்கினேன். அந்த இடத்துக்குக் கீழே ஒரு கையுறை கிடந்தது. உள்ளே கை இல்லை. பனியின் ஆழம் பார்க்கிற நீள அலுமினியக் குழாய் என் முதுகில் இருந்தது. அதன் துண்டுகளைப் பூட்டி, அவனைக் கிழிக்காதபடி பல் உள்ள முனை மேலே வரத் திருப்பி, கையுறையிலிருந்து கீழ்நோக்கி அடிக்கு அடி குத்தினேன். நிலத்தில் பட்டால் டக் என்று நிற்கும். எத்தனையாவது குத்தோ, குழாய் மெத்தென்று நின்றது. அதற்குப் பிறகு தோண்டியது மட்டும்தான் நினைவு. முகம் நீலம் பாரித்திருந்தது. வாயிலிருந்த பனியை விரலால் வழித்து எடுத்தேன். ஒரு முறை மூச்சு இழுத்தான். நெடுநேரம் கழித்து இன்னொரு முறை.

றேடியோவில் கூப்பிட்டு, ஆட்கள் வந்து தூக்குப் படுக்கையில் வைத்துக் கட்டும்போது கெவின் கண் திறந்தான். தோள் உடைந்திருந்தது. என்னைக் கிட்டே வரச் சொல்லி, காதோடு சொன்னான்.

“பையில் அந்த நாய் வால் இருக்கிறது. எடுத்து, இவர்கள் பார்க்க முதல் என் இடுப்பில் கட்டிவிடு.”

கடைக்காரரின் ஆலோசனை

அடுத்த வருஷம் மெல்பேர்ணில் மலையேறுகிற சாமான் விற்கும் கடையொன்றுக்குக் கையுறை வாங்கப் போனேன். கோட்டும் தொப்பியுமாகப் போயிருந்ததால் கடைக்காரர் என்னைச் சுற்றுலாப் பயணி என்று நினைத்துவிட்டார். எந்த மலை என்று கேட்டார். சொன்னேன். கையுறையைக் கடதாசியில் சுற்றியபடி, கடைக்கு வருகிற எல்லாருக்கும் சொல்கிற பாவனையில் சொன்னார். யோகம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது எனக்கு இன்னும் வசதி.

“அங்கே போனால் முதலில் அந்தச் சிலோன்காரரைக் கேளுங்கள். ஸ்கீ ஓடத் தெரியாது அவருக்கு, ஆனால் அவர் போகாதே என்றால் நான் போகமாட்டேன்.”

என்னைத் திட்டியவர்கள் அத்தனை பேரும் வீடு போய்ச் சேர்ந்து, இன்னொரு குளிர்காலம் வந்து திட்டுமளவுக்குச் சுகமாக இருந்தார்கள் என்பதைவிடப் பெரிய நற்சான்றிதழ் எதையும் அந்த உத்தியோகத்தில் நான் வாங்கவில்லை.