பாதி முகம் பார்த்த ஆச்சி

கை ஒடிந்து வருகிற நோயாளி வைத்தியனுக்குப் புண்ணியவான். தலைவலி என்று வருகிறவர்தான் நம் படிப்பையே சோதிப்பவர். காட்டுவதற்கு அவரிடம் வீக்கமும் இருக்காது, ரத்தமும் இருக்காது. ஒற்றைத் தலைவலிக்காரர்களே, வெளிச்சம் கண்ணில் ஊசியாகக் குத்துகிறது என்று நீங்கள் சொன்னபோது வீட்டில் எத்தனை பேர் நம்பினார்கள்? நம்பாவிட்டால்கூடப் பரவாயில்லை. நான் புதுவயலில் டாக்டராக இருந்தபோது, ஒரு வீட்டில் வேறு விதமாக நம்பிவிட்டார்கள்.

முகத்தை மூடிய வீடு

அமராவதிபுதூரில் ஒரு பெரிய வீட்டிலிருந்து வண்டி அனுப்பியிருந்தார்கள். உள்ளே போனால், வேலைக்காரர்கள் எல்லோரும் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு நடமாடுகிறார்கள். அம்மை கண்டிருக்கிறதோ என்று நானும் மூக்கைப் பொத்தினேன்.

வீட்டுக்காரப் பெரிய ஆச்சி விஷயத்தைச் சொன்னார். மகன் ரங்கூனில் இருக்கிறார். மருமகள் விசாலாட்சிக்கு ஒரு வருஷமாகத் தலைவலி. தலை சுற்றும், வாந்தி வரும், வெளிச்சம் ஆகாது. வலி வருவதற்குச் சற்று முன்னால் எதிரில் நிற்பவரின் முகம் பாதிதான் தெரியும். ஒருநாள் சமையல்காரரைப் பார்த்து, "உங்க முகத்துல பாதியக் காணோமே" என்றிருக்கிறாள். மூன்றாம் நாள் அவர் செத்துப்போனார். அவளைப் பேய் பிடித்திருக்கிறது என்று அன்றிலிருந்து யாரும் அவளுக்கு முகம் காட்டுவதில்லை. மூன்று வயது மகளைக்கூடக் கண்ணில் காட்டாமல் பின்கட்டில் வைத்திருந்தார்கள். பெரிய ஆச்சி என்னிடமும் ஒரு துண்டை நீட்டினார்: "போட்டுக்கிட்டு உள்ள போங்க டாக்டரய்யா. உங்களுக்கும் பிள்ளகுட்டி இருக்கும்ல."

பேட்டரி லைட்டு

படித்தவன் என்ற திமிரில் துண்டை வாங்கவில்லை. இருட்டறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவளைத் திரும்பச் சொல்லி, கண்ணில் பேட்டரி லைட்டை அடித்தேன். அவள் அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் எழுந்தது. அது பெண்குரல் மாதிரியே இல்லை. இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

வாசற்படியில் உடுக்கையோடு கோடாங்கி நின்றிருந்தார். பேயோட்ட வாரந்தவறாமல் வருகிறவர். என்னைக் கேலி செய்யாமல், தொழில்காரனுக்குத் தொழில்காரன் பேசுகிற பாவனையில் சொன்னார்: "நான் சூடத்தக் காட்டுறேன், நீங்க லைட்டக் காட்டுறீக. ரெண்டுக்கும் அது ஒரே மாதிரித்தான் மிரளுது."

சிலேட்டில் ஒரு கோடு

வெட்கத்தோடு மறுநாள் போனேன். கதவை ஒருக்களித்துவிட்டு, ஒரு சிலேட்டில் ரம்பப் பல் மாதிரி வளைந்த கோடு ஒன்றைப் போட்டேன். "முகம் மறைவதற்கு முன்னால் இப்படி ஒன்று மினுமினுத்துக்கொண்டு ஓடுமா?" என்று கேட்டேன். அது இந்த நோய்க்காரர்கள் பலர் காண்பது. என் பாடப் புத்தகத்திலேயே படம் இருந்தது. சமையல்காரருக்குப் பல மாதமாக நெஞ்சுவலி இருந்ததையும் விசாரித்து வைத்திருந்தேன். அவர் சாவுக்கும் அவள் கண்ணுக்கும் சம்பந்தமில்லை என்று சொன்னேன்.

அவள் சிலேட்டை வாங்கி, கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பரிதாபமாகப் பார்த்துக் கேட்டாள்: "நான் யாருக்கும் இத வரைஞ்சு காட்டலயே. அப்ப உங்களையும் பிடிச்சிருக்கா?"

வெள்ளிக்கிழமைப் பேய்

முன்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்த வலி, இப்போது வெள்ளிதோறும் உச்சிப்பொழுதில் தவறாமல் வந்தது. காரணம் கேட்டபோது எனக்கே தலை சுற்றியது. பேய் விலகுவதற்காக மாமியார் அவளை வியாழன் இரவிலிருந்து பச்சைத் தண்ணீர் இல்லாமல் விரதம் இருக்க வைத்திருக்கிறார். தலைக்கு ஊற்றி, உச்சி வெயிலில் முற்றத்தில் உட்கார வைப்பார்கள். சுற்றிலும் முகம் பார்க்கிற அளவுக்கு வழவழவென்று மெழுகிய வெள்ளைச் சுவர். அதற்குமேல் காதருகே உடுக்கை, கண்ணெதிரே சூடம். கல்லுக்கே தலை வலிக்கும்!

இது பேயில்லை, நரம்புக் கோளாறு; விரதம் கூடாது, முற்றம் கூடாது, உடுக்கை கூடாது என்று வீட்டார் எல்லோரிடமும் சொல்லி, நரம்பை அமர்த்துகிற புரோமைடு மருந்தும் கொடுத்தேன். பெரிய ஆச்சி கறாராகப் பேசினார். மூன்று வெள்ளி பேய் வராவிட்டால் பிள்ளை அவளோடு இருக்கும். வந்தால், பேயோட்டும் கோயிலில் சங்கிலி போட்டு விட்டுவிடுவார்கள். இரண்டு வெள்ளி வலியில்லாமல் போனது. பெரிய ஆச்சிக்குச் சந்தோஷத்தைவிடக் குழப்பமே அதிகம்: "ரெண்டு இட்டிலிக்கு ஓடுதுன்னா, அது என்ன பேயி டாக்டரய்யா?"

மூன்றாம் வெள்ளி

மூன்றாம் வெள்ளி உச்சியில் நான் போனபோது வேலைக்காரர்கள் துண்டில்லாமல் நின்றிருந்தார்கள். நம்பிக்கை வந்து, பிள்ளையையும் அவள் மடியில் விட்டிருந்தார் பெரிய ஆச்சி. விசாலாட்சி கண்ணை மூடிக்கொண்டு, சிரித்த முகமாக மகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். ஜெயித்துவிட்டோம் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நாடி பார்க்கக் கையைத் தொட்டேன், ஜில்லென்று வேர்த்திருந்தது. ஒரு நொடி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். உடனே மூடிக்கொண்டு, உதடு அசையாமல் சொன்னாள்: "மாமியாகிட்டச் சொல்லிப்புடாதீக. உங்க முகத்துல இடப்பக்கம் இல்ல. பிள்ளைய நான் இன்னும் பாக்கவே இல்ல."

எல்லாம் நரம்பின் வேலை என்று அந்த வீட்டில் அத்தனை பேருக்கும் பாடம் நடத்திய நான், அடுத்த ஒரு வாரம் சவரம் செய்யும்போதெல்லாம் இடது கன்னம் இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.