கோவிந்தனுக்கு விழாத படம்

கேமரா ரிப்பேர் என்பது, கெட்டுப்போன பொருளைவிட அதைத் தூக்கிக்கொண்டு வருகிற ஆளை அதிகம் சமாளிக்க வேண்டிய தொழில். கடிகாரம், ரேடியோ, தையல் மெஷின் என்று எதையாவது பிரித்துப் போட்டுவிட்டு, திரும்பப் பூட்டியபின் மீந்துபோன ஒரு திருகாணியைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழிக்கிற என் இனத்தாருக்கு இது புரியும்.

எழுபதுகளின் கடைசியில், மலையடிவாரத்து ஆலங்காயத்தில் எனக்கு ஒரு கடை இருந்தது. கடை என்றால் ஒரு மேசை, ஒரு பூதக்கண்ணாடி, ஒரு ஜன்னல். மலைமேலும் கீழும் ஸ்டூடியோ வைத்திருந்தவர்கள் என்னைவிட்டால் வேலூருக்குத்தான் போகவேண்டும். அதனால் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். அந்தத் தலைக்கனத்துக்குக் கிடைத்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

கரப்பான் கடித்த ஓட்டை

மலைமேல் ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் பக்கத்தில் மரியதாஸ் ஸ்டூடியோ வைத்திருந்தான். அவனிடம் இருந்தது மடக்கி விரிக்கிற பழைய கேமரா. அதன் தோல் மடிப்பைக் கரப்பான் கடித்து, ஊசிமுனை அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. வெளிச்சம் அதன் வழியாகப் புகுந்து, எடுக்கிற படத்திலெல்லாம் மேல்பக்கமாக ஒரு வெள்ளைக் கோடு போட்டுவிடும்.

அப்போது மலையில் உயிரோடு இருக்கும்போது படம் எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. ஆள் போய்விட்டால்தான் மரியதாஸைக் கூப்பிடுவார்கள். குளிப்பாட்டி, மாலை போட்டு, சுவரில் சாய்த்து உட்கார வைத்திருப்பார்கள். படத்தில் தலைக்குமேல் ஏறுகிற அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்து, உயிர் போகிறது என்று நம்பிவிட்டார்கள். மரியதாஸும் மறுத்துச் சொல்லவில்லை.

நான் கறுப்புத் துணி ஒட்டி ஓட்டையை அடைத்துக் கொடுத்தேன். அடுத்த வாரமே ஒரு சாவு வீட்டில் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். படம் பளிச்சென்று விழுந்திருந்தது, கோட்டைத்தான் காணோம். மூத்த மகன் கேட்டானாம்: "எல்லார் வூட்டுப் பெரியவங்களுக்கும் போற வழி தெரிஞ்சிச்சே, எங்கப்பாவுக்கு மட்டும் இன்னாத்துக்குய்யா அடைச்சி வெச்சே?"

மாற்றுக் கேமரா

ஒட்டுமேல் ஒட்டுப் போட்டு அந்தத் தோல் மடிப்பு நாரானது. தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கு என்று நானே சொல்லி, வாணியம்பாடியில் ஒருவர் கைமாற்றிய இரண்டு லென்ஸ் கேமராவைப் பார்த்துக் கொடுத்தேன். மேல் லென்ஸில் பார்க்க வேண்டும், கீழ் லென்ஸில் படம் விழும். கீழ் லென்ஸில் வெளிச்சத்துக்குத் திறந்து மூடுகிற ஷட்டர் கொஞ்சம் இறுகியிருந்தது. பெட்ரோலில் கழுவித் துடைத்தேன். எண்ணெய் விடலாம் என்று பார்த்தால் கடிகார எண்ணெய்ச் சீசா காலி. கைக்குக் கிடைத்ததை ஊசிமுனையில் தொட்டு வைத்துப் பூட்டினேன். சித்திரை வெயிலில் ஷட்டர் வழுக்கிக்கொண்டு ஓடியது. மரியதாஸ் அதை மடியில் வைத்துக்கொண்டு சொன்னான்: "இனிமே உயிரைக் காட்டுன்னு எவனும் என்னைக் கேக்க மாட்டான்ண்ணா."

பூசணம்

மலைக்குக் கீழே, சமவெளியில் ஸ்டூடியோக்காரர் ஒருவர் இருந்தார். போலீஸ் கூப்பிட்டால் பிணத்தைப் படம் எடுக்கப் போகிறவர். அவர் கேமரா மழைக்காலம் முழுக்கத் தோல் உறையிலேயே கிடந்ததில் லென்ஸுக்குள் பூசணம் வேர்விட்டுப் படர்ந்திருந்தது. துடைத்தால் போகாது, லென்ஸையே மாற்ற வேண்டும் என்றேன். அவருக்கு அதில் ஆச்சரியமே இல்லை. "கரடி கிழிச்சவன், கிணத்துல மெதந்தவன், மரத்துல தொங்கினவன்னு பார்த்துப் பார்த்து அதுக்கும் கண்ணு அவிஞ்சிட்டுதுங்க" என்றார்.

மதியத்தில் நல்ல பிள்ளை

கார்த்திகையில் மரியதாஸ் கேமராவோடு வந்து நின்றான். காலை நேரத்தில் எடுக்கிற படம் எதுவும் விழவில்லை, வெறும் பிலிம்தான் வருகிறது என்றான். மேல் லென்ஸில் எல்லாம் தெரிகிறது, அமுக்கினால் சத்தமும் கேட்கிறது. நான் வாங்கி அமுக்கினேன். ஷட்டர் அழகாகத் திறந்து மூடியது. பத்துத் தடவை அமுக்கினேன், பத்துத் தடவையும் திறந்தது. ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினேன்.

மூன்று முறை இப்படி வந்தான். காலையில் பஸ் ஏறி, மலைப்பாதையெல்லாம் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு, உச்சி வெயிலில் என் கடைக்கு வந்து சேருவான். ஒவ்வொரு முறையும் அது என் முன்னால் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது. மூன்றாவது முறை எனக்குக் கோபம் வந்துவிட்டது. கடையில் நாலு பேர் இருக்கும்போதே, "கேமராவுக்கு ஒரு கேடும் இல்லை. கோளாறு உன் கண்ணுல" என்றேன். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்ண்ணா. கண்ணாஸ்பத்திரிக்கு எந்த பஸ்ஸு?" என்று கேட்டான்.

கறுப்புப் படம்

தை மாதம், நெல்லிவாசல்நாட்டிலிருந்து கோவிந்தன் என்பவர் நடந்தே இறங்கி வந்தார். துண்டுக்குள் சுற்றி ஒரு போட்டோ. பிரித்தால் வெறும் கறுப்பு. மார்கழியில் அவர் சம்சாரம் பூங்காவனம் இறந்துபோய், விடிந்ததும் மரியதாஸ் போய் மூன்று படம் எடுத்திருக்கிறான். மூன்றும் விழவில்லை. அந்த அம்மாளுக்கு அதற்கு முன்னால் எடுத்த படமும் கிடையாது. மரியதாஸ் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டும் விடாமல், இன்னா வந்துதோ அதையே குடு என்று இவர் வாங்கி வந்திருக்கிறார்.

ஆறு நாள் காய்ச்சலில் பூங்காவனம் கிடந்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொல்லித் தினமும் கேட்டிருக்கிறாள். சாமை அறுப்பு முடியட்டும் என்று இவர் சொல்லியிருக்கிறார். ஏழாம் நாள் அவள் இல்லை. இதை அவர் என்னிடம் ஏன் சொன்னார் என்று முதலில் விளங்கவில்லை. பிறகு கேட்டார், கேமராவில் ஏதாவது பழுது உண்டா என்று. அதைக் கேட்கத்தான் அத்தனை தூரம் நடந்திருக்கிறார்.

எனக்கு என் வேலைமேல் சந்தேகம் வரவில்லை. கேமரா பக்காவாக இருக்கிறது, என் கையால் பார்த்தது என்று அடித்துச் சொன்னேன். அவர் அந்தக் கறுப்புக் காகிதத்தை மறுபடி துண்டில் சுற்றினார். "அதுமேல தப்பு இல்லன்னா, அவதாங்க என் மொகத்துல முழிக்க மாட்டேன்னு போய்ட்டா" என்றார்.

அடுப்படியில்

அடுத்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு மரியதாஸ் வீட்டுக்குப் போயிருந்தேன். முகத்தில் புதுக் கண்ணாடி. சாவு வீடுகளில் அவனை இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. வெயில் ஏறியபின் வருகிறவர்களுக்கு மட்டும் எடுத்துக்கொண்டிருந்தான். அது நன்றாகவே விழுகிறது என்றான். அதைக் கேட்டும் எனக்கு மண்டையில் ஏறவில்லை.

காலையில் எழுந்தபோது குளிரில் விரல் மடங்கவில்லை. அவன் மனைவி பிலோமினா அடுப்பு ஓரமாகத் தேங்காய் எண்ணெய்ச் சீசாவை வைத்துத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே எண்ணெய் வெள்ளையாக உறைந்திருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, "மார்கழி பொறந்தா கல்லாட்டம் ஆய்டுதுங்க. அனல் காட்டினாத்தான் எறங்கும், வெயிலு வந்தா தானா உருகிடும்" என்றாள்.

நெல்லிவாசல்நாட்டில்

சித்திரையில் நான் ஊசிமுனையில் தொட்டு வைத்தது, என் தலைக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெய். கேமராவைத் திறந்து பார்த்தேன். ஷட்டர் தகடுகளை ஒன்றோடொன்று வெள்ளையாகப் பிடித்து வைத்திருந்தது. அமுக்கினால் சத்தம் மட்டும் வந்தது. உள்ளங்கையில் வைத்துச் சூடு காட்டியதும் ஒன்றுமே நடக்காததுபோலத் திறந்தது. மரியதாஸிடம் சொன்னேன். அவன் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தான், துடைத்தான், பழையபடி மாட்டிக்கொண்டான். என்னை ரெண்டு அறை அறைந்திருக்கலாம். கோவிந்தனிடம் போய்ச் சொல்லியாக வேண்டும் என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் இரண்டு பேரும் நடந்து போனோம். கோவிந்தன் வீட்டுச் சுவரில் அந்தக் கறுப்புப் படத்துக்குச் சட்டம் போட்டு, பொட்டு வைத்து, பூச்சரம் தொங்கவிட்டிருந்தது. நான் கேமராவைத் திறந்து காட்டினேன். தப்பு என்னுடையது, படம் விழாமல் போனதற்கும் அந்த அம்மாவுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொன்னேன். ஒரு வருஷமாக அவர் சுமந்துகொண்டிருந்ததை இறக்கி வைக்கிறோம் என்றுதான் நினைத்தேன். வெட்கத்துக்கு நடுவிலும் அந்த ஒரு நிம்மதியை எதிர்பார்த்துத்தான் அவ்வளவு தூரம் நடந்தேன்.

அவர் தகட்டில் ஒட்டியிருந்ததை விரலால் தொட்டுத் தேய்த்தார். முகர்ந்து பார்த்தார். வேட்டியில் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "எம்மேல கோவம்னு காட்டிட்டாவது போனாளேன்னு வெச்சிருந்தேங்க. அதுவும் அவ காட்டினது இல்லைன்றீங்க."

கேமராவில் எங்கே கோளாறு என்று கேட்டு யார் வந்தாலும், இப்போதெல்லாம் முதலில் என் விரலை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.