நாலு மணிக்கு விசில்

கனகாம்பிகை ரீச்சர் புட்டைக்கூட நின்றபடிதான் சாப்பிடுவார். ஆசிரியர் அறையில் அவருக்கென்று ஒரு கதிரை உண்டு. அதில் மூன்று வருடமாக என்னுடைய கைப்பைதான் இருக்கிறது. இடது கையில் சாப்பாட்டுப் பெட்டி, கண் ஜன்னலுக்கு வெளியே மைதானத்தில், வாய் தன்பாட்டுக்கு மென்றுகொண்டிருக்கும். "ஒருக்கா இருந்து சாப்பிடுங்கோவன் ரீச்சர்" என்றால், "இருந்தா பிறகு எழும்பவெல்லோ வேணும். அதுக்கும் நேரம் போகும்" என்பார். நான் தமிழ் படிப்பிக்கிறவள். இருந்தால் லேசில் எழும்பாத உடம்பு எனக்கு. எங்கள் இரண்டு பேரையும் ஒரே பள்ளிக்கூடத்தில் போட்ட ஆண்டவனுக்கு நல்ல பகிடி உணர்ச்சி.

ரீச்சருக்கு வயது நாற்பத்தாறு. உடற்பயிற்சி ஆசிரியை. சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகி, பாட்டாச் செருப்போடு சைக்கிள் மிதித்து வருவார். கழுத்தில் தாலி இல்லை, கறுப்பு நூலில் ஒரு விசில் மட்டும். பெண் பார்க்க வந்தவர்கள் அவர் ஓரிடத்தில் நிற்கும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் எழும்பிப் போயிருப்பார்கள் என்பது என் ஊகம். பள்ளிக்கூடத்துப் பக்கத்து வீட்டுப் பூரணமக்கா தோட்டத்தில் மிளகாய் பிடுங்கிக்கொண்டே கேட்பா: "உந்த மனிசிக்குக் காலிலை சில்லோ பூட்டியிருக்கு?"

உரும்பிராய்ச் செம்மண்ணில் சாம்பலால் கோடு போட்டது எங்கள் கரப்பந்துத் திடல். வலை, குழுத் தலைவி கத்தரீனாவின் தகப்பன் செபநாயகம் பின்னியது. தொண்ணூறில் மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த மனிதர். கடல் இல்லாத ஊரில் கை சும்மா இருக்குதில்லை என்று மீன்வலை நூலிலேயே பின்னிக் கொடுத்தார். பந்து ஒன்றுதான். அதன் வயிற்றில் சைக்கிள் ரியூப் ஒட்டு மூன்று. திடலின் கிழக்குக் கரையில், பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை ஏற்றிய பங்கர், எங்கள் பதுங்குகுழி. பந்து அதற்குள் விழுந்தால் வெளிப் பந்து என்பது எங்கள் பள்ளிக்கூடத்துச் சட்டம்.

இன்னொரு சட்டமும் உண்டு. விளையாட்டுக்கு விசில் ஊதக் கூடாது. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டைக்குப் பிறகு, குண்டு போடும் பொம்மர் விமானம் வரும் சத்தம் கேட்டால் பிள்ளைகளை எப்படி எச்சரிப்பது என்ற கேள்வி வந்தது. மணி அடித்தால் கோயில் மணியோடு குழம்பியது. விசில் என்று முடிவாயிற்று. பள்ளிக்கூடத்தில் விசில் வைத்திருந்தவர் இவர் ஒருவர்தான், பொறுப்பும் இவர் தலையில் விழுந்தது. இரைச்சலை எங்களுக்கெல்லாம் முன்னதாக இவர்தான் கேட்பார், ஊதுவார். பிள்ளைகள் பங்கருக்குள் பாய்வார்கள்; அயலட்டைச் சனமும் அந்த விசிலைத்தான் நம்பியிருந்தது. கடைசிப் பிள்ளை இறங்கும்வரை வெளியே நின்று ஊதிக்கொண்டிருப்பார். கரப்பந்துக்கோ கைச்சைகை மட்டும். பிழை விட்ட பிள்ளை தானே கையை உயர்த்திவிட்டு நிற்கும். வெளியார் பார்த்தால் ஊமைகளின் ஆட்டம் என்றே நினைப்பார்கள்.

அவருக்கு முன்னால் சொல்லக் கூடாத சொல் ஒன்று உண்டு: அடுத்த வருசம். தொண்ணூறில் அவருடைய குழு வட்டாரம் வென்றது, மாவட்டம் வென்றது, மாகாணமும் வென்றது. அகில இலங்கைப் போட்டிக்குக் கொழும்புக்குப் போக ரயில் சீட்டுக்கூட எழுதியாகிவிட்டது. ஆனியில் சண்டை தொடங்கிற்று. பயணம் நின்றது, அடுத்த வருசம் பார்க்கலாம் என்றார்கள். பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் போட்டி அது. அந்தப் பிள்ளைகள் இப்போது பிள்ளை பெற்றுவிட்டார்கள், ஒருத்தி கனடாவில் இருக்கிறாள். "வயசு எங்களுக்காக நிக்குமே?" என்று ரீச்சர் கேட்பார்.

இந்த வருடம் தையில் சண்டை நின்றது. மாசி பிறக்கக் கடிதம் வந்தது: மாகாணத்தில் வென்ற எங்கள் பிள்ளைகள் அகில இலங்கைப் போட்டியின் முதற் சுற்றுக்குக் குருநாகலுக்கு வரவேண்டும். ரீச்சர் கடிதத்தை நடந்துகொண்டே வாசித்தார், வாசித்துக்கொண்டே மைதானத்துக்குப் போனார், விசிலை வாயில் வைத்து ஆசை தீர ஒரு ஊது ஊதினார்.

கண்மூடித் திறப்பதற்குள் திடல் வெறுமை. பந்து தனியே உருண்டுகொண்டிருந்தது. பன்னிரண்டு பிள்ளைகளும் பங்கருக்குள். உண்மையைச் சொல்ல வேண்டும், நானும்தான். என் உடம்பு அவ்வளவு விரைவாக எழும்பியதை அன்றைக்குத்தான் கண்டேன்.

"எடியே, வெளியிலை வாங்கோடி! இது விளையாட்டு விசிலடி!" என்று ரீச்சர் கத்துகிறார். வேலிக்கு அப்பால் தன் பங்கரிலிருந்து அகப்பையோடு ஏறி வந்தா பூரணமக்கா.

"சண்டை துவங்கீட்டுதோ ரீச்சர்?"

"இல்லை அக்கா. பிள்ளையள் அகில இலங்கைக்குப் போகினம்."

"அதுக்கு என்னைக் குழிக்குள்ளை இறக்க வேணுமே? உங்களுக்கென்ன விசரோ? சோறு அடுப்பிலை கரியுது!"

சிரித்துவிட்டு இருந்திருப்போம். ரீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. குருநாகலில் நடுவர் சேர்விசுக்கு ஊதுவார், பிழைக்கு ஊதுவார், ஒரு ஆட்டத்தில் நூறு தரம் ஊதுவார். நூறு தரமும் இந்தப் பிள்ளைகள் பங்கர் தேடி ஓடினால்? ஐந்து வருடம் காத்திருந்து கிடைத்த பயணம், ஒரு விசிலோடு முடிந்துவிடும்.

பத்து நாள் இருந்தது. ஊருக்குள் எப்படி விசில் ஊதிப் பழக்குவது? ரீச்சர் பின்னேரம் மூன்றரைக்குச் சைக்கிளை எடுப்பார். வீடு வீடாக, படலைக்குப் படலை, இறங்காமலே ஒரு காலை ஊன்றிக்கொண்டு, "நாலு மணிக்கு விசில் ஊதுவன், ஓடாதேங்கோ. அஞ்சு மணிக்குப் பிறகு ஊதினா ஓடுங்கோ" என்று சொல்லிக்கொண்டு போவார். பூரணமக்கா விடுவாவா? "பொம்மர்க்காரனுக்கும் உந்த நேரத்தைச் சொல்லிவிடுங்கோ ரீச்சர்" என்றா.

முதல் நாள் பிள்ளைகள் பங்கர் வாசலில்தான் நின்றார்கள். மூன்றாம் நாள் கோடுவரை ஓடித் திரும்பினார்கள். ஆறாம் நாள் கால் ஓடவில்லை, கண் மட்டும் வானத்தைப் பார்த்தது. "வானத்திலை என்னடி பிராக்கு? பந்தைப் பார்!" ரீச்சர் பின்னால் நின்று ஊதினார், மர மறைவில் நின்று ஊதினார், பிள்ளைகள் தண்ணீர் குடிக்கும்போது காதுக்குப் பக்கத்தில் ஊதினார். ஒன்பதாம் நாள் அவர் எங்கிருந்து ஊதினாலும் ஒருத்தியும் அசையவில்லை. ரீச்சர் மைதானத்தைச் சுற்றி இரண்டு தரம் ஓடினார். காரணம் கேட்டேன். "சந்தோசம் வந்தா என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை, அதுதான்" என்றார்.

பெண் பிள்ளைகளோடு இரண்டு ஆசிரியைகள் போக வேண்டுமாம். என்னைப் பிடித்துக்கொண்டார். ஊரைவிட்டு வெளியே போகப் பாஸ் எடுத்து, கிளாலியில் ஏரி கடக்க வள்ளம் ஏறினோம். வள்ளத்திலும் மனிசி நின்றது. "இருங்கோ அம்மா, எல்லாரையும் கவிழ்க்கப் போறியளோ?" என்று ஓட்டி பேசினான். தாண்டிக்குளச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் பந்தை அமுக்கியும் குலுக்கியும் பார்த்தார்கள். ரீச்சர் அவர்களையும் "கெதியா, கெதியா" என்று அவசரப்படுத்தினார். நான் அவரின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன்.

குருநாகல் மண்டபத்தில் பகலிலேயே மின்விளக்கு எரிந்தது. சீமெந்துத் தரை. இரவல் சப்பாத்து. கத்தரீனா முதல் சேர்விசுக்குப் பந்தோடு போனாள். நடுவர் விசிலை வாயில் வைத்தார். நான் பிள்ளைகளின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். விசில் ஊதிற்று. ஆறு சோடிக் கால்களும் அப்படியே நின்றன. அடடா என்று திரும்பி, பக்கத்தில் ரீச்சரின் கையைப் பிடிக்கப் போனேன். ரீச்சர் இல்லை.

நீள வாங்குக்குப் பின்னால், இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு, முகம் குப்புறக் கிடந்தார்.

மேலே பார்வையாளர் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மன்னிக்கமாட்டேன். நான் அவரைத் தூக்கி வாங்கில் இருத்தினேன். முழங்கையில் இரத்தம். கத்தரீனா ஒரு கணம் எங்கள் பக்கம் பார்த்தாள். பிறகு பந்தைப் போட்டாள். அது வலையில் அடித்தது.

அந்த ஆட்டம் முழுக்க ரீச்சர் இருந்தார். ஆம், இருந்தார். வாங்கின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி. ஒவ்வொரு விசிலுக்கும் உடம்பு தூக்கிப்போட்டது. "கெதியா" என்று ஒருத்தியையும் விரட்டவில்லை. ஆட்டத்தின் முதற் பகுதியைப் பிள்ளைகள் பறிகொடுத்தார்கள். இரண்டாவதில் கத்தரீனா, "ரீச்சரைப் பாக்காதேங்கோடி, பந்தைப் பாருங்கோ" என்று சொல்லிச் சொல்லி விளையாடினாள். அதையும் மூன்றாவதையும் வென்றோம். பழக்கதோசத்தில் பிழைக்குத் தாங்களே கையுயர்த்தி ஒப்புக்கொண்ட எங்கள் பிள்ளைகளைப் பார்த்து, நடுவர் இரண்டு தரம் சிரித்தார். அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பு.

திரும்பி வரும்போது வள்ளத்தில் ரீச்சர் என் பக்கத்தில் இருந்தார். கிளாலிக் கரை தெரிந்தது. பிறகு மெல்லச் சொன்னார்: "இவ்வளவு காலமும் ஊதினது நானெல்லோ. ஊதிற ஆளுக்கு ஓட நேரமில்லை. மற்ற ஆள் ஊதி நான் ஒருநாளும் கேட்டதில்லையடி." என்னை 'அடி' என்று உரிமையோடு சொல்லி அவர் கதைத்தது அதுதான் முதல் தரம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த சுற்று வைகாசியில், கொழும்பில். இது சித்திரையின் முதற் கிழமை. றேடியோவில் சமாதானப் பேச்சுவார்த்தை இழுபடுகிறது. ரீச்சர் செய்தி கேட்பதில்லை, நாட்களை எண்ணுகிறார். நேற்றும் மூன்றரைக்குப் படலைக்குப் படலை சைக்கிளில் போனார். "நாலு மணிக்கு விசில்." பூரணமக்கா, "எங்களுக்குப் பழகீட்டுது, நீங்கள் பழகுங்கோ" என்றா. ரீச்சருக்குக் கோபம் வரவில்லை.

நாலு மணிக்குத் திடலில், கழுத்திலிருந்து விசிலைக் கழற்றிக் கத்தரீனாவிடம் கொடுத்தார். முதுகைக் காட்டிக்கொண்டு, பங்கர் இருக்கும் பக்கம் பார்த்து நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டார்.

"சொல்லிப்போட்டு ஊதட்டோ ரீச்சர்?"

"அங்கை சொல்லிப்போட்டே ஊதுறாங்கள்? நீ ஊதடி."

கத்தரீனா காத்திருந்தாள். ஒரு காகம் வந்து வலைக் கம்பத்தில் குந்தி, பறந்தும் போயிற்று. பிறகு ஊதினாள். வேலிக்கு அப்பால் பூரணமக்கா நிமிரக்கூட இல்லை. ரீச்சரின் வலது கால் செம்மண்ணிலிருந்து கிளம்பிவிட்டது. ஒரு சாண் உயர்ந்து அப்படியே அந்தரத்தில் நின்றது. பிறகு அதை மெல்ல இறக்கி, கிளம்பிய அதே அடித்தடத்தின் மேல், விரலுக்கு விரல் பொருத்தி வைத்தார்.