இறக்காத வெடி

அண்ணனும் மாமாவும் மான் வேட்டைக் கதையைத் தொடங்கினால் நான் காது கொடுப்பதில்லை. ஒவ்வொரு முறையும் மானின் கொம்பு ஒரு முழம் வளர்ந்துவிடும். அன்றும் பகல் சோறு தின்றுவிட்டு, பழுகாமத்தில் எங்கள் வளவு மாமரத்தின் கீழ் பிளாஸ்டிக் கதிரைகளைப் போட்டுக்கொண்டு இருந்தார்கள். நான் கிணற்றடியில் மீன்சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். அப்பாவோடு காட்டுக்குப் போனவர்களில் மிஞ்சியது இந்த இரண்டு பேரும்தான்.

"நீ அண்டைக்கு இருமாம இருந்திருந்தா அந்தக் கலைமான் விழுந்திருக்கும்டா" என்றார் மாமா.

"நானா? உங்கட சுருட்டு மணத்துக்குத்தான் அது ஓடினது" என்றான் அண்ணன்.

அவர்களுடையது இடியன் துவக்கு, பழைய நாட்டுத் துப்பாக்கி. குழல் வாய்க்குள் வெடிமருந்தைக் கொட்டி, தேங்காய்த் தும்பு வைத்துக் கம்பியால் இடித்து, ஈயச் சன்னம் போட்டு, மேலே இன்னொரு தும்பு வைத்து இடிக்க வேண்டும். பின்பக்கத்தில் 'கேப்' என்ற சின்னத் தொப்பியை மாட்டினால்தான் அது வெடிக்கும்.

"கடைசியாப் போனது ஞாபகமிருக்கா?" என்றார் மாமா. "மாரி தொடங்கின நேரம். குளக்கட்டில கொம்பன் ஒண்டு வந்து நிண்டுது. கொப்பர் குறி வைச்சு இழுத்தார். கேப் மட்டும் டிக் எண்டுது, மருந்தில நெருப்புப் பத்தல்ல. மான் எங்களை ஒருக்காப் பாத்துப்போட்டு ஆறுதலா நடந்து போச்சு."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"மறுகா காட்டுக்குப் போகவே இல்லையே. அடுத்த கிழமை நாட்டில சண்டை தொடங்க, ஆமி கண்டாப் பிடிக்கும் எண்டு கொப்பர் துவக்கைக் கொண்டுபோய் வயல் வாடிக் கூரைக்குள்ள சொருகினவர்" என்றார் மாமா.

என் கை அப்படியே நின்றது. "மாமா, அந்த வெடியை அப்பா குழலுக்குள்ள இருந்து இறக்கினவரா?"

"வீட்டில வைச்சு இறக்கிற வழக்கம் இல்லையே புள்ள. இறக்கினா அடுத்த முறை காடு கை விரிச்சிரும். கேப்பைக் கழட்டினாச் சரி, அது வெறுந் துவக்குத்தான்."

வெறுந் துவக்காம்! அன்று காலையில்தான் என் கணவர் அந்தப் பழைய வாடியைப் பிரித்திருந்தார். துவக்கின் மரத்தைக் கறையான் தின்றுவிட்டது, இரும்புக் குழல் மட்டும் மிச்சம். 'நல்ல கனமான இரும்பு, வெட்டிக் கேற்றுக்குத் தாழ்ப்பாள் போடுவம்' என்று மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு சந்தி இரும்பு ஒட்டுப்பட்டறைக்குப் போயிருந்தார். இவர்கள் இருவருக்கும் அது தெரியாது. வெட்டும் சூட்டில் மருந்து பற்றக் கேப் தேவையில்லை.

நான் சொன்னதும் மாமாவின் முகம் செத்துப்போனது. என் கணவருக்கு அழைப்பெடுத்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. திரும்ப எடுத்தேன், அதே கதைதான். பட்டறைச் சத்தத்தில் போன் எங்கே கேட்கப் போகிறது? அண்ணன் ஆட்டோவை எடுத்தான்; மாமாவும் நானும் ஏறினோம்.

"ஒண்டும் நடக்காது புள்ள. இவ்வளவு காலத்துக்கு மருந்து செத்திருக்கும்" என்றான்.

"அப்ப ஏன்டாப்பா இந்த ஓட்டம் ஓடுறாய்?"

அவன் ஆட்டோவை இன்னும் முறுக்கினான். வழியில் மாட்டுப்பட்டி ஒன்று ரோட்டை மறித்தது. மாடுகள் ஆறுதலாக, அசைபோட்டுக்கொண்டு கடந்தன. கொக்கட்டிச்சோலையானே, என்ர மனிசனைக் காப்பாத்து, உனக்குப் பொங்கல் வைக்கிறன் என்று வாய்விட்டே வேண்டினேன். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

பட்டறையில் குழலைக் கிடுக்கியில் இறுக்கியிருந்தார்கள். பட்டறைக்காரர் வெட்டும் மெசினைப் போட்டுவிட்டார். குழலின் வாய்க்கு நேரே, வெட்டுவதைப் பார்த்தபடி என் கணவர் குந்தியிருந்தார். நான் கத்திய கத்து எனக்கே கேட்கவில்லை. அண்ணன் பாய்ந்துபோய் வயரைப் பிடுங்கினான்.

"என்னத்துக்கு நாலு பேருக்கு முன்னால இப்படிக் கத்துறாய்? உனக்கு எல்லாத்துக்கும் பயந்தான்" என்று எரிந்து விழுந்தார் அவர். நான் அவரைத் தோளில் பிடித்து இழுத்து அப்பால் தள்ளினேன்.

மாமா ஒரு மெல்லிய கம்பியைக் குழலுக்குள் விட்டார். கம்பி நின்ற இடத்தை விரலால் பிடித்து, வெளியே எடுத்துக் குழலோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். அடிவரை போகவில்லை, ஒரு சாண் குறைந்தது.

"குளவி கூடு கட்டியிருக்கும்" என்றார் என் கணவர்.

"குளவியில்ல மகன். மாரித் தண்ணி இறங்காம தும்புக்கு மேல தேன்மெழுகு உருக்கி விட்டது நான்தான்" என்றார் மாமா.

குழலை வெறும் வளவுப் பக்கம் திருப்பி, நுனி வளைத்த கம்பியால் மெல்ல மெல்லக் கிண்டினார். மெழுகும் தும்பும் வந்தன. சன்னங்கள் உருண்டு விழுந்தன. கடைசியாகக் கறுப்பு மருந்து பொலபொலவென்று கொட்டியது.

"இதெல்லாம் இப்ப மண்தானே" என்றார் என் கணவர், விடாமல்.

பட்டறைக்காரர் ஒரு சிட்டிகை எடுத்துத் தூரத்தில் ஒரு கல்லின்மேல் வைத்து, நீளக் கம்பியின் நுனியில் துணி சுற்றிக் கொளுத்தி நீட்டினார். புஸ்ஸென்று ஆள் முழங்கால் உயரத்துக்குத் தீ எழும்பி அடங்கியது.

முதலில் வாய் திறந்தது மாமாதான். "பாத்தியாடா? நான் அப்பவே சொன்னன், மருந்தில பிழையில்ல, கேப்பிலதான் பிழையெண்டு!" சந்தோசத்தில் அண்ணனின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

"மாமா, வாயை மூடுங்க!" என்று கத்தினேன். என் வாழ்நாளில் அவரை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

என் கணவர் அதற்குள் நிலத்தில் அமர்ந்துவிட்டார். குழலின் வாயையும் தன் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, பட்டறையில் அத்தனை பேர் நிற்க, என் கையைப் பிடித்தார். மீன் மணக்கும் கை. ஆட்டோவில் வீடு வந்து இறங்கும்வரை அவர் அதை விடவில்லை.